உரிமையும் பரிகாரமும்: அமெரிக்கப் பள்ளிகளில் இனப்பிரிவினை ஒழிப்பும் நீதிமன்றங்களும்

1954 மே 17 அன்று, பிரவுன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பு வழங்கினர். கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் பிரித்துவைப்பது, இரு பள்ளிகளும் வசதியில் ஈடாக இருந்தாலும்கூட, 14ஆவது சட்டத்திருத்தம் உறுதிசெய்யும் சம பாதுகாப்பை மறுப்பதாகும் என்பது அதன் சாரம். பத்தாண்டு கழித்து, 1963-64 கல்வியாண்டில், உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன 11 தென்மாநிலங்களில் வெள்ளையர் படிக்கும் பள்ளியில் இடம்பெற்றிருந்த கறுப்பின மாணவர்கள் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே. 1972-73இல் இந்த எண் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அரசமைப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 1954இல் அறிவிக்கப்பட்ட உரிமையும் அதேதான். அப்படியானால் மாறியது எது?

அரசியலறிஞர் ஜெரால்ட் ரோசன்பர்க் 1991இல் வெளியிட்ட ‘தி ஹாலோ ஹோப்’ என்ற நூல் இதற்கு ஒரு விடை தருகிறது. நீதிமன்றங்களிடம் பணமும் இல்லை, படையும் இல்லை. நாடாளுமன்றம் 1964இல் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965இல் பள்ளிக்கல்வி நிதிச் சட்டத்தையும் நிறைவேற்றிய பிறகே தெற்கு அசைந்தது. ஆகவே சமூக மாற்றத்துக்கு நீதிமன்றத்தை நம்புவது வீண் என்கிறார் அவர். மேலே சொன்ன எண்களே இந்த வாதத்தின் முதுகெலும்பு. எண்கள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 1955க்கும் 1968க்கும் இடையில் நீதிமன்றம் தோற்றதற்கு அதன் இயல்பான பலவீனம் காரணமென்றால், 1968க்குப் பிறகு அது வென்றதை விளக்க முடியாது. 1974இல் அது மீண்டும் பின்வாங்கியதையும் விளக்க முடியாது. மூன்று தருணங்களிலும் உரிமை ஒன்றே. அந்த உரிமைக்கு நீதிமன்றம் வகுத்த பரிகாரம் மட்டுமே மூன்று வகையாக இருந்தது. எவரிடம் பொறுப்பை வைப்பது, எப்போதைக்குள் முடிக்கச் சொல்வது, எந்த எல்லைவரை ஆணை செல்லும் என்பவற்றை நீதிபதிகளே தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வுகளுக்கு அவர்களே பொறுப்பு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதல் தேர்வு 1955 மே 31 அன்று நிகழ்ந்தது. 1954 தீர்ப்பு பரிகாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் அதை மறுவிசாரணைக்கு ஒத்திவைத்திருந்தது. மனுதாரர்களுக்காக வாதாடிய தர்குட் மார்ஷல், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும், மிகவும் தள்ளிப்போனால் 1956 செப்டம்பருக்குள் முடிய வேண்டும் என்று காலக்கெடு கேட்டார். நீதிமன்றம் கெடு எதையும் விதிக்கவில்லை. நிதானத்தோடு கூடிய வேகத்தில் செய்யுங்கள் என்று சொல்லி, திட்டம் தீட்டும் முதற்பொறுப்பைப் பள்ளி வாரியங்களிடமே கொடுத்தது. மேற்பார்வை அந்தந்த ஊர் மாவட்ட நீதிமன்றங்களின் வேலையாயிற்று. பிரிவினையை நடத்திவந்தவர்களே அதைக் கலைக்கும் திட்டத்தையும் எழுதுவார்கள் என்று ஆனது. வேறு வழி இல்லாத நிலை என்று இதைச் சொல்ல முடியாது. ஐந்தாண்டுக்கு முன்புதான், 1950இல், ஸ்வெட் வழக்கில், டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்கும்படி இதே நீதிமன்றம் நேரடியாக ஆணையிட்டிருந்தது. அரசமைப்பு தரும் உரிமை தனிமனிதருக்கு உரியது, இன்றைக்கே உரியது என்பது அந்தத் தீர்ப்பின் நிலைப்பாடு. பல்கலைக்கழக மாணவருக்கு இன்றைக்கே உரிய உரிமை, ஆறு வயதுக் குழந்தைக்கு மட்டும் நாளைக்கு உரியதாயிற்று.

நீதிபதிகள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. தெற்கு கீழ்ப்படியாது, கீழ்ப்படியாத ஆணை நீதிமன்றத்தின் மதிப்பைக் குலைக்கும் என்று கருதினர். 1954இல் கிடைத்த ஒருமித்த முடிவுக்கே மெதுவாகச் செல்லலாம் என்ற உடன்பாடு அடிப்படையாக இருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தயக்கத்தைக் கண்ட எதிர்த்தரப்பு தணியவில்லை, துணிவு பெற்றது.

தென் கரோலைனாவின் கிளாரண்டன் கவுண்டியைப் பார்ப்போம். பிரவுனோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்றான பிரிக்ஸ் வழக்கு இங்கிருந்து வந்தது. 1949-50இல் அங்கே ஒரு வெள்ளையினக் குழந்தைக்கு 179 டாலர் செலவிடப்பட்டது. ஒரு கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலர். கறுப்பினப் பெற்றோர் முதலில் கேட்டது ஒரு பள்ளிப் பேருந்து. அதுவும் கிடைக்காமல், மனுவில் கையெழுத்திட்டதற்காக வழக்கின் முதல் மனுதாரரான ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலைய வேலையை இழந்தார்; அவர் மனைவியின் வேலையும் போயிற்று. அவர்களைத் திரட்டிய போதகர் ஜோசப் டிலேன் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. இவ்வளவு விலை கொடுத்து வென்ற வழக்கு 1955இல் கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது, நீதிபதி ஜான் பார்க்கர் தலைமையிலான அமர்வு ஒரு விளக்கம் எழுதியது: அரசமைப்பு இனங்கள் சேர்ந்து படிக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை, இனத்தின் பெயரால் அரசு தடுக்கக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தெற்கின் பள்ளி வாரியங்கள் பதுங்கிக்கொள்ள இந்த ஒரு விளக்கம் போதுமானதாக இருந்தது.

இந்த விளக்கத்தின் நிழலில் எழுந்தவைதான் ‘மாணவர் ஒதுக்கீட்டுச் சட்டங்கள்’. அவற்றில் இனம் என்ற சொல்லே வராது. குழந்தையின் மனநிலை, நடத்தை, வீட்டுச் சூழல், முன்பயிற்சி என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தக் குழந்தையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று வாரியம் அதன்படி தீர்மானிக்கும். மறுக்கப்பட்ட குழந்தை தனித்தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். அதாவது கிளாரண்டனில் பெற்றோர்கள் பட்ட பாட்டை ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு குழந்தைக்காகவும், முதலிலிருந்து படவேண்டும். 1958 செப்டம்பரில் லிட்டில் ராக் நகர வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே பெயர் பொறித்துத் தீர்ப்பு வெளியிட்டனர். எந்த ஆளுநரும் எந்தச் சட்டமன்றமும் பிரவுனை மீற முடியாது என்றனர். அமெரிக்க நீதித்துறை வரலாற்றின் உயர்ந்த பிரகடனங்களில் ஒன்று அது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு நவம்பரில், அலபாமாவின் ஒதுக்கீட்டுச் சட்டம் தோற்றத்தில் அரசமைப்புக்கு முரணானதல்ல என்ற கீழ் நீதிமன்ற முடிவை அதே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. லிட்டில் ராக் தீர்ப்பைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் நவம்பர் உத்தரவைத் தொடுவதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்த ஆண்டுகளின் உண்மை தெரியும்.

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபார்ம்வில் ஊரின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 மாணவர்களுக்காகக் கட்டப்பட்டது. 450 பேருக்கு மேல் படித்தார்கள். மிஞ்சியவர்களுக்குத் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகள். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி வேலைநிறுத்தம் போல ஒரு மாணவர் போராட்டத்தை வழிநடத்தினார். அதிலிருந்து பிறந்த வழக்கும் பிரவுனோடு சேர்ந்தது. 1959இல், இனி தாமதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்ன கட்டத்தில், கவுண்டி நிர்வாகம் பள்ளி வரி விதிக்கவே மறுத்து எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது. வெள்ளையினக் குழந்தைகளுக்கு ஒரு தனியார் பள்ளி உருவானது. பொதுப்பணத்திலிருந்து கட்டண உதவியும் வரிச்சலுகையும் அதற்குச் சென்றன. ஏறக்குறைய 1,700 கறுப்பினக் குழந்தைகளுக்கு எதுவும் இல்லை. சிலர் உறவினர் வீடுகளுக்கு, வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். பலர் வயல்வேலைக்குப் போனார்கள். 1964 மே மாதம் உச்ச நீதிமன்றம், நிதானத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி, தேவைப்பட்டால் வரி விதிக்கும்படியே கவுண்டிக்கு ஆணையிடக் கீழ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. பள்ளிகள் அந்த ஆண்டு திறந்தன. ஐந்தாண்டு கழித்துக் கிடைத்த இந்த அதிகாரம் 1959இலும் அதே நீதிமன்றத்திடம் இருந்ததுதான். ஏழு வயதில் பள்ளி வாசல் அடைபட்ட குழந்தைக்கு, அது திறந்தபோது வயது பன்னிரண்டு.

1964க்குப் பின் நாடாளுமன்றம் களத்தில் இறங்கியது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை. இனப்பாகுபாடு காட்டும் பள்ளி மாவட்டத்துக்கு மத்திய நிதி கிடையாது என்று 1964 சட்டம் சொன்னது. 1965 சட்டம் அந்த நிதியைப் பெருமளவில் கொண்டுவந்ததால் அச்சுறுத்தலுக்குப் பொருள் ஏற்பட்டது. ஆனால் நிர்வாகத் துறையின் விதிகளில் ஒரு வாசல் திறந்திருந்தது: நீதிமன்ற ஆணைக்கு உட்பட்ட மாவட்டம், அந்த ஆணையைக் காட்டினால் போதும். ஆணை மெத்தனமானதாக இருந்தால், மாவட்டம் அதற்குள் ஒளிந்துகொண்டு நிதியையும் வாங்கிக்கொள்ளலாம். இந்த வாசலை அடைத்தவர் ஒரு நீதிபதி. 1966இல், ஐந்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஜான் மைனர் விஸ்டம், நிர்வாகத் துறையின் அளவுகோலையே நீதிமன்றத்தின் அளவுகோலாக ஏற்று, பார்க்கரின் விளக்கத்தை வெளிப்படையாக நிராகரித்தார். பிரிவினையைக் கட்டி எழுப்பிய அரசுக்கு அதைக் கலைக்கும் கடமை உண்டு என்றார். நாடாளுமன்றமா நீதிமன்றமா என்று ரோசன்பர்க் பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில் நிற்காது. ஒன்றின் பிடி தளர்ந்தால் மற்றதன் பிடியும் தளரும் என்ற நிலையே இருந்தது.

இரண்டாவது தேர்வு 1968 மே 27, கிரீன் வழக்கு. என் பார்வையில் பிரவுனை உண்மையில் சட்டமாக்கிய தீர்ப்பு இது. வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டி ஒரு சிறிய கிராமப்புற மாவட்டம். மொத்தம் இரண்டே பள்ளிகள்: வெள்ளையருக்கு நியூ கென்ட் பள்ளி, கறுப்பினத்தவருக்கு ஜார்ஜ் வாட்கின்ஸ் பள்ளி. சுமார் 1,300 மாணவர்களில் 740 பேர் கறுப்பினத்தவர். குடியிருப்புகள் கலந்தே இருந்தன. 21 பள்ளிப் பேருந்துகள் ஒன்றன் தடத்தை ஒன்று குறுக்கே வெட்டி ஓடின, ஒரே தெருவிலிருந்து கறுப்பினக் குழந்தையை ஒரு பக்கமும் வெள்ளையினக் குழந்தையை மறுபக்கமும் கொண்டுபோயின. மத்திய நிதி போய்விடும் என்ற அச்சத்தில் 1965இல் வாரியம் ‘விருப்பத் தேர்வு’ முறையைக் கொண்டுவந்தது: யார் வேண்டுமானாலும் எந்தப் பள்ளியையும் கேட்கலாம். மூன்றாண்டில் ஒரு வெள்ளையினக் குழந்தையும் வாட்கின்ஸ் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பின மாணவரில் 85 விழுக்காட்டினர் வாட்கின்ஸிலேயே இருந்தனர். ஊரை இரண்டாகப் பிரித்தால் கிழக்கே ஒரு பள்ளி, மேற்கே ஒரு பள்ளி என்று ஒரே நாளில் தீர்க்கக்கூடிய விஷயம் அது.

நீதிபதி வில்லியம் பிரெனன் எழுதிய தீர்ப்பு, மெய்ப்பிக்கும் பொறுப்பை இடம் மாற்றியது. இனி, தான் இனப்பாகுபாடு காட்டவில்லை என்று வாரியம் வாதிட்டால் போதாது. நடைமுறையில் பலன் தரும், இப்போதே பலன் தரும் திட்டம் ஒன்றை அது முன்வைக்க வேண்டும். மாணவர், ஆசிரியர், ஊழியர், போக்குவரத்து, பாடம்சாரா நடவடிக்கைகள், கட்டடங்கள் என ஒவ்வொன்றிலும் ‘வெள்ளைப் பள்ளி’, ‘கறுப்புப் பள்ளி’ என்ற அடையாளம் மறைந்து, வெறும் பள்ளிகளாக அவை ஆக வேண்டும். குழந்தைகளின் தோளில் கிடந்த சுமை, அதை ஏற்றிவைத்தவர்களின் தோளுக்கே போனது.

அடுத்து நடந்ததுதான் ரோசன்பர்க்கின் வாதத்தைக் கடுமையாகச் சோதிக்கிறது. 1969இல் பதவியேற்ற நிக்சன் அரசு நிதி நிறுத்தும் கெடுபிடியைத் தளர்த்தியது. மிசிசிப்பியின் பள்ளி மாவட்டங்களுக்கு மேலும் அவகாசம் வேண்டும் என்று மத்திய அரசே நீதிமன்றத்தில் கேட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று, அலெக்சாண்டர் வழக்கில், அவகாசம் இல்லை, உடனே செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தெற்கில் வெள்ளையரோடு படித்த கறுப்பின மாணவர் 1968-69இல் 32 விழுக்காடு. 1970-71இல் 86 விழுக்காடு. நிர்வாகம் பின்வாங்கிய வேளையில்தான் மிகப் பெரிய பாய்ச்சல் நிகழ்ந்திருக்கிறது. ஆணை உறுதியான பிறகு, 1970இல் அதை அமைதியாக நிறைவேற்ற நிக்சன் நிர்வாகமும் ஒத்துழைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெளிவான ஆணை, தயங்கும் நிர்வாகத்தையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு அதுவே சான்று. ஒரு வெள்ளையின மாணவர் இருந்தாலும் கணக்கில் சேரும் இந்த அளவுகோல் தளர்வானது என்று ஒருவர் மறுக்கலாம். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பள்ளிகளில் படித்தோர் என்ற கடுமையான அளவுகோலை வைத்தாலும், தெற்கில் 1964இல் 2.3 விழுக்காடாக இருந்தது 1972இல் 36ஐத் தாண்டி, 1988இல் 43.5 வரை உயர்ந்தது. நாட்டிலேயே இனக்கலப்பு மிகுந்த பள்ளிகள் கொண்ட பகுதியாகத் தெற்கு மாறியது.

1971இல் வந்த ஸ்வான் வழக்கு இந்தக் கடமையை நகரங்களுக்குக் கொண்டுவந்தது. வட கரோலைனாவின் சார்லட்-மெக்லன்பர்க் மாவட்டத்தில் 84,000 மாணவர்கள். நகரில் படித்த கறுப்பினத்தவரில் 14,000 பேர், அநேகமாக வேறு எவரும் இல்லாத 21 பள்ளிகளில் அடைபட்டிருந்தனர். மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் மக்மில்லன் பேருந்து வழியாக மாணவரை மாற்றியமைக்கும் திட்டத்துக்கு ஆணையிட்டார். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றது. மனுதாரர்களின் வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸின் வீட்டில் குண்டு வைக்கப்பட்டது, அலுவலகம் எரிக்கப்பட்டது. அவர் நிறுத்தவில்லை. சார்லட் வெற்றிக்கு ஒரு சாதாரண நிர்வாக உண்மையும் உதவியது: நகரமும் அதைச் சூழ்ந்த புறநகரும் ஒரே பள்ளி மாவட்டம். ஓடிப்போக அருகில் வேறு மாவட்டம் இல்லை.

இந்த வெற்றியின் இன்னொரு பக்கத்தை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. பள்ளிகள் இணைந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். தலைமையாசிரியர்கள் பதவி இறக்கப்பட்டனர். 1954 முதல் 1965 வரை தென்மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. இரக்கமுள்ள ஆசிரியர் இல்லாத கலப்புப் பள்ளியைவிட நல்ல தனிப்பள்ளி மேல் என்ற கவலையைக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் 1935இலேயே எழுப்பியிருந்தார். வழக்கறிஞர் டெரிக் பெல் இத்தகைய நூற்றுக்கணக்கான வழக்குகளை நடத்திய அனுபவத்திலிருந்து, வழக்கறிஞர்கள் இனக்கலப்பு என்ற இலட்சியத்தையும் பெற்றோர் கேட்ட நல்ல கல்வியையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டார்கள் என்று 1976இல் எழுதினார். நான் இதையும் பரிகாரத்தின் குறையாகவே வாசிக்கிறேன். ஆசிரியர்களைக் காப்பதற்கான தெளிவான அளவுகோல்கள் தெற்கின் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து 1969-70இல்தான் வந்தன. 1955லேயே அவை வந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை என்பதல்ல காரணம், திட்டத்தை எழுதும் பேனா வாரியங்களின் கையில் இருந்ததே காரணம்.

மூன்றாவது தேர்வு 1974 ஜூலை 25, டெட்ராய்ட் நகரத்தின் மில்லிகன் வழக்கு. அந்த நகரப் பள்ளி வாரியம் 1970 ஏப்ரலில் தானாகவே ஒரு மிதமான கலப்புத் திட்டத்தை ஏற்றது. மிச்சிகன் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி அதைத் தடுத்தது. திட்டத்தை ஆதரித்த வாரிய உறுப்பினர் நால்வரை வாக்காளர்கள் திரும்ப அழைத்தனர். மாவட்ட நீதிபதி ஸ்டீஃபன் ராத், சாட்சியங்களைக் கேட்டபின், குடியிருப்புப் பிரிவினை தானாக விளைந்ததல்ல, மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளின் செயல்களும் சேர்ந்து உருவாக்கியது என்று கண்டறிந்தார். மாணவரில் சுமார் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவராகிவிட்ட நகரத்துக்குள் மட்டும் மாணவரை எப்படி மாற்றினாலும் பயனில்லை. எனவே 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்த பெருநகரத் திட்டத்துக்கு அவர் வழிசெய்தார். கல்விக்குப் பொறுப்பு மாநில அரசு. மாவட்ட எல்லைகளை வரைந்ததும் மாநில அரசு. குற்றம் இழைத்ததாகக் கண்டறியப்பட்டதும் மாநில அரசு.

ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. புறநகர் மாவட்டங்கள் தாமே குற்றம் இழைத்தன என்றோ, எல்லைகள் இனநோக்கத்தோடு வரையப்பட்டன என்றோ காட்டாமல் எல்லையைத் தாண்ட முடியாது என்றார் தலைமை நீதிபதி வாரன் பர்கர். உள்ளூர்க் கட்டுப்பாடு என்ற மரபு இந்த முடிவைத் தாங்கி நின்றது. இதே ஐந்து நீதிபதிகள்தான் ஓராண்டுக்கு முன், ரோட்ரிகஸ் வழக்கில், டெக்சஸின் ஏழை எட்ஜ்வுட் மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு 356 டாலரும் அதே பெருநகரப் பகுதியிலுள்ள ஆலமோ ஹைட்ஸில் 594 டாலரும் செலவாவதில் அரசமைப்பு மீறல் இல்லை என்றவர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் விளைவு புரியும்: குழந்தை எல்லையைத் தாண்டிப் பணமுள்ள பள்ளிக்குப் போக முடியாது, பணமும் எல்லையைத் தாண்டிக் குழந்தையிடம் வராது. இப்போது நீதிபதியாக அமர்ந்திருந்த தர்குட் மார்ஷல் இரண்டிலும் மாறுபட்டார். பெருநகரங்கள் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என இரு நகரங்களாகப் பிளவுபட விடுகிறோம், நாடு இதற்கு வருந்தும் என்று மில்லிகனில் எழுதினார்.

கட்டாயப் பேருந்துத் திட்டங்கள் வெள்ளையரை நகரை விட்டு விரட்டின, ஆகவே நீதிமன்றம் தன் வரம்பை மீறித் தோற்றது என்ற வாதம் இன்றும் வலுவாக இருக்கிறது. பாஸ்டனைச் சான்றாகக் காட்டுவார்கள். 1974இல் நீதிபதி ஆர்தர் கேரிட்டியின் ஆணையின்படி ராக்ஸ்பரியின் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளும் சவுத் பாஸ்டனின் ஏழை ஐரிஷ் குடும்பங்களின் குழந்தைகளும் இடம் மாறினார்கள். கற்கள் பறந்தன, பேருந்துக் கண்ணாடிகள் உடைந்தன. ஆனால் வசதிபடைத்த புறநகர்கள் அந்தத் திட்டத்துக்கு வெளியே இருந்தன. வெளியேறும் கதவு திறந்தே இருந்த இடங்களில் வெளியேற்றம் மிகுந்தது; கவுண்டி முழுவதும் ஒரே மாவட்டமாக இருந்த சார்லட்டிலும் லூயிவில்லிலும் அது மட்டுப்பட்டது. ஓட்டத்தை நீதிமன்றத் தலையீட்டின் தோல்வியாகக் கணக்கெழுதுவோர், ஓடிச் சேர்வதற்கான இடத்தை நீதிமன்றமே காத்துக்கொடுத்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதன் பிறகான கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1991இல் ஓக்லஹோமா சிட்டி, 1992இல் ஜார்ஜியாவின் டிகால்ப், 1995இல் கன்சஸ் சிட்டி வழக்குகள் வழியாக நீதிமன்றம் தன் பழைய ஆணைகளைக் களைந்தது. 1999இல் சார்லட் திட்டத்தையும் முடித்துவைக்கும்படி மாவட்ட நீதிமன்றம் ஆணையிட்டது. 2007இல், எந்த ஆணையும் இல்லாமல் சியாட்டிலும் லூயிவில்லும் தாமாகவே நடத்திவந்த கலப்புத் திட்டங்களை, தனி மாணவரின் இனத்தைக் கணக்கில் எடுக்கின்றன என்ற காரணத்தால் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. இருபத்தைந்து ஆண்டு நீதிமன்ற ஆணையின் கீழ் லூயிவில் கட்டாயமாகச் செய்ததை, ஆணை விலகியபின் விரும்பிச் செய்வது குற்றமாயிற்று.

இவ்வளவு போராட்டத்துக்கும் பலன் இருந்ததா? பொருளியலறிஞர் ரக்கர் ஜான்சன், நீதிமன்ற ஆணைகள் வெவ்வேறு மாவட்டங்களில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்ததைப் பயன்படுத்தி, அக்குழந்தைகளின் பிற்கால வாழ்வைப் பின்தொடர்ந்தார். ஆணைக்குப் பின் படித்த கறுப்பினக் குழந்தைகள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், சிறைக்குப் போவது குறைந்தது, உடல்நலம் மேம்பட்டது. வெள்ளையினக் குழந்தைகளுக்கு இழப்பு ஏதும் தென்படவில்லை. அவர் கண்டறிந்தவற்றில் நம் வாதத்துக்கு முக்கியமானது, ஆணையோடு பள்ளிச் செலவும் உயர்ந்த இடங்களில் பலன் மிகுந்தது என்பது. வலுவான பரிகாரம் கிடைத்த இடத்தில் வாழ்க்கைகள் மாறியிருக்கின்றன.

மில்லிகன் அடைத்த வழியை ஒரு மாநில நீதிமன்றம் திறந்திருக்கிறது. கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரப் பள்ளிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கறுப்பின, லத்தீனோ குழந்தைகள்; சுற்றிலும் வெள்ளைப் புறநகர்கள். 1996இல், ஷெஃப் வழக்கில், அம்மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், மாநில அரசமைப்பின்படி அந்தத் தனிமை சட்டவிரோதம் என்றது. யாருடைய தீய நோக்கத்தையும் மெய்ப்பிக்கத் தேவையில்லை. பள்ளி மாவட்டங்களை ஊர் எல்லையோடு கட்டிவைத்த சட்டமே முதன்மைக் காரணம் என்றது. டெட்ராய்ட்டில் சொல்ல மறுத்ததை இங்கே சொல்லிவிட்டார்கள். ஆனால் அதே தீர்ப்பு, பரிகாரத்தைச் சட்டமன்றமே வகுக்கட்டும் என்று காலக்கெடு இல்லாமல் விட்டது. மனுதாரர்கள் மீண்டும் மீண்டும் நீதிமன்றம் ஏறினார்கள். முதல் உடன்படிக்கை 2003இல் வந்தது. அதன் இலக்கு எட்டப்படவில்லை. எல்லை தாண்டிய சிறப்புப் பள்ளிகளில் பல்லாயிரம் பேருக்கு இடம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருந்தார்கள். விரும்பும் ஹார்ட்ஃபோர்ட் குழந்தைகள் எல்லாருக்கும் இடம் தரும் அளவுக்கு இருக்கைகளைப் பெருக்க மாநில அரசு ஒப்புக்கொண்டது 2022இல். வழக்குத் தொடரப்பட்டது 1989இல்.